காய்ச்சாமற் செய்யும் சோப்பு: அளவும் பிழைதிருத்தமும்

சோப்புக் காய்ச்சுதல் என்று சொல்வது நம் வழக்கம். ஆயினும், இங்கே விளக்கப்படும் முறையில் காய்ச்சுதல் என்பதே இல்லை. எண்ணெயையும் காரநீரையும் வெதுவெதுப்பான நிலையில் ஒன்றாகச் சேர்த்துக் கடைந்து, அச்சில் ஊற்றி மூடிவைத்துவிட்டால், எஞ்சிய வேலையை அவ்விரண்டும் தாமே செய்துகொள்ளுகின்றன. பெரிய கொப்பரை வேண்டா, விறகு வேண்டா, வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிடும். இதனைக் குளிர்முறை என்பர்.

நம் அங்கத்தினர்களுள் தென்னையும் நிலக்கடலையும் ஆமணக்கும் பயிரிடுவோர் உளர்; நூலைக் காரமிட்டு வேகவைத்தும் சாயமேற்றியும் பழகிய நெசவாளரும் உளர். எண்ணெய் ஒருவரிடத்தில் இருக்கிறது. காஸ்டிக் சோடாவைக் கையாளும் பழக்கம் மற்றவரிடத்தில் இருக்கிறது. ஆகவே, இக்கைத்தொழில் இரு சாராருக்கும் இயல்பாகவே பொருந்துவதாகும். ஆனால், சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் கேட்கும் குறை பெரும்பாலும் ஒன்றே: “போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை கையை எரிக்கிறது.” செய்த கை அதே கை, பாத்திரமும் அதே பாத்திரம். வேறுபட்டது யாதென வினவினால் விடை கிடைப்பதில்லை. ஏனெனில், எதன் அளவும் எழுதி வைக்கப்படவில்லை.

சோப்பில் நேரும் குறைகள் ஏறக்குறைய அனைத்தும் எடையிலும் உஷ்ணத்திலும் பிறக்கின்றன. அவற்றைக் குறித்து வைத்திருப்போர் தம் சோப்பைத் திருத்திக்கொள்ளலாம். குறித்து வையாதோர் எண்ணெயையும் உழைப்பையும் இழந்துவிட்டு, ராசியில்லை என்று தொழிலையே கைவிடுகின்றனர். செய்முறையோடு பிழைதிருத்தத்தையும் சேர்த்துக் கூறுவதற்கு இதுவே காரணம்.

சோப்பு உண்டாகும் விதம்

எண்ணெய் என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் பிணைந்த பொருள். காஸ்டிக் சோடா கரைந்த நீர் அதனோடு சேரும்போது அப்பிணைப்பு அறுபடுகிறது. அமிலங்கள் காரத்தோடு கூடிச் சோப்பாகின்றன. கிளிசரின் தனித்து நிற்கிறது. பிரெஞ்சு இரசாயன அறிஞரான செவ்ரல் இதனை நன்கு ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். நம் பக்கத்தில் சென்னை மாகாண அரசாங்கம் 1914இல் கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஒன்றை நிறுவியது. ஆகவே, இத்தொழில் நமக்குப் புதிதன்று.

பெரிய ஆலைகளில் சோப்பைக் கொதிக்க வைத்து, உப்பிட்டு, கிளிசரினையும் மிகுந்த காரத்தையும் கீழ்நீரோடு பிரித்து எடுத்துவிடுவர். குளிர்முறையிலோ, நாம் இட்ட பொருளில் நீர் ஒன்றே காலப்போக்கில் உலர்ந்து வெளியேறும். மற்றவை யாவும் சோப்பிலேயே தங்கும். கிளிசரின் தங்குவது நன்மை. அது தோல் வறளுவதைக் குறைக்கிறது. ஆனால், காரம் மிகுந்தால் அதுவும் தங்கிவிடும் என்பதை மறக்கலாகாது. ஆலைக்காரருக்கு அளவு சிறிது தவறினால் கழுவித் திருத்த இடமுண்டு. நமக்கு அவ்விடம் இல்லை. ஆகவே, நிறுத்தலே இம்முறையின் உயிர்.

எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம்?

எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு காரம் என்று கருதுவது பலரிடத்திலும் காணப்படும் தவறு. ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென ஓர் அளவு காரத்தை ஏற்கும். 1,000 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாவதற்குத் தேவையான சுத்தமான காஸ்டிக் சோடா ஏறக்குறைய வருமாறு:

தேங்காயெண்ணெய் – 183 கிராம்
பாமாயில் – 141 கிராம்
வேப்பெண்ணெய் – 139 கிராம்
கடலை எண்ணெய் – 136 கிராம்
நல்லெண்ணெய் – 134 கிராம்
ஆமணக்கெண்ணெய் – 128 கிராம்

தேங்காயெண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் இடையே 55 கிராம் வேறுபாடு இருப்பதைக் காண்க. தேங்காயெண்ணெய் விலை ஏறியிருக்கிறதென்று அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெயை ஊற்றிவிட்டு, காரத்தைப் பழைய அளவிலேயே இடுவோமாயின், அச்சோப்பு தோலைப் புண்ணாக்கும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறவேண்டும்.

தேங்காயெண்ணெய் சோப்புக்குக் கெட்டித் தன்மையையும், உப்பு நீரிலும் எழும் நுரையையும் தருகிறது. ஆனால், தனித்து நின்றால் தோலை வறளச் செய்யும். கடலை எண்ணெய் மென்மை தரும். ஆனால், தனித்து நின்றால் சோப்பு குழையும். ஆமணக்கெண்ணெய் சிறிதளவு சேர்ந்தால் நுரை நீடித்து நிற்கும், மிகுந்தால் பிசுபிசுக்கும். இம்மூன்றையும் சேர்த்து, முதன்முறை செய்வோருக்கு ஏற்ற கணக்கு ஒன்றைத் தருகிறோம்:

தேங்காயெண்ணெய் 600 கிராம். அதற்கு வேண்டிய காரம் 109.8 கிராம்.
கடலை எண்ணெய் 300 கிராம், அதற்கு 40.8 கிராம்.
ஆமணக்கெண்ணெய் 100 கிராம், அதற்கு 12.8 கிராம்.
ஆக, எண்ணெய் 1,000 கிராமுக்குக் காரம் 163.4 கிராம்.

இம்முழு அளவையும் இடலாகாது. இதில் 5 சதவிகிதம் குறைத்து, 155 கிராம் மட்டுமே இடவேண்டும். அதனால் எண்ணெயில் ஒரு சிறு பகுதி சோப்பாகாமல் நின்று தோலுக்கு மென்மை தருகிறது; நிறுத்தலில் ஓரிரு கிராம் பிழை நேர்ந்தாலும் காரம் மிகாமற் காக்கிறது. காரத்தைக் கரைக்க அதைப்போல் இருமடங்கு, அதாவது 310 கிராம் நீர் போதும்.

வேப்பெண்ணெய் சேர்க்க விரும்புவோர் தேங்காயெண்ணெய் 700, வேப்பெண்ணெய் 200, ஆமணக்கெண்ணெய் 100 கிராம் எனக் கொள்ளலாம். மேற்கண்டவாறே கணக்கிட்டால் காரம் 168.7 கிராம், 5 சதவிகிதம் குறைக்க, 160 கிராம், நீர் 320 கிராம்.

படியால் அளப்பதன் தீங்கு

எண்ணெயை லிட்டர் கணக்கில் அளப்பதே நம் வழக்கம். ஒரு லிட்டரை ஒரு கிலோ என்று கருதிவிடுவோரும் பலர். ஆனால், எண்ணெய் நீரைவிட இலேசானது. மேற்கூறிய 600, 300, 100 என்னும் அளவுகளை மில்லிலிட்டரில் எடுத்தால், அவற்றின் மொத்த எடை சுமார் 921 கிராம்தான். 79 கிராம் குறைகிறது. 921 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக 150 கிராம் காரமே போதும். நாம் இட்டதோ 155 கிராம். மென்மைக்கென விட்ட 5 சதவிகிதம் முழுவதும் தொலைந்து, அதற்கு மேலும் நாலரைக் கிராம் காரம் சோப்பில் மிஞ்சுகிறது. “கையை எரிக்கிறது” என்னும் குறைகளுக்கு இது மிகச் சாதாரணமான காரணம். ஒரு கிராம் வரை திருத்தமாகக் காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்று இதனைத் தவிர்க்கும். எண்ணெய், காரம், நீர் ஆகிய மூன்றையும் அதிலேயே நிறுக்கவேண்டும்.

காரத்தின் தரம்

மேட்டூர், சாகுபுரம் முதலிய இடங்களில் உள்ள ஆலைகளில் உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கப்படுகிறது. செதில் வடிவில் கடைக்கு வருவது இதுவே. சலவைச் சோடா இதுவன்று. சலவைச் சோடாவைக் கொண்டு குளிர்முறையில் எண்ணெயைச் சோப்பாக்க இயலாது.

காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஈர்த்து, சிறிது சிறிதாகச் சலவைச் சோடாவாக மாறும் இயல்புடையது. சங்கத்தின் மூலம் மூட்டையாக வாங்கிப் பங்கிடுவதில் ஆதாயம் உண்டு. ஆனால், மூட்டையை அவிழ்த்த அன்றே முழுவதையும் இறுக மூடும் கெட்டியான பிளாஸ்டிக் புட்டிகளில் நிறுத்து அடைத்துவிட வேண்டும். வாய் திறந்த மூட்டையிலிருந்து மாதக்கணக்கில் அள்ளிக் கொடுத்தால், முதலில் வாங்கியவருக்கு நல்ல சோப்பும் கடைசியில் வாங்கியவருக்குக் குழைந்த சோப்பும் கிடைக்கும். பழி மட்டும் செய்தவர் கையின்மேல் விழும். கசிந்து கட்டிபட்ட காரத்தைச் சோப்புக்கு உபயோகிக்கலாகாது. உறையின்மேல் 95 சதவிகிதச் சுத்தம் என்று குறித்திருந்தால், 155ஐ 95ஆல் வகுத்து 100ஆல் பெருக்கி, 163 கிராம் இடவேண்டும்.

எச்சரிக்கைகள்

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும். விழுங்கினால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து, ஆயுள் முழுவதும் நீங்காத ஊனம் விளையும், உயிர்ச்சேதமும் நேரும். ஆகவே, பின்வருவனவற்றுள் ஒன்றையும் விலக்கலாகாது.

காரத்தையோ காரநீரையோ குளிர்பானப் புட்டியிலும் குடிநீர்ச் செம்பிலும் ஒரு நிமிஷமும் வைக்கலாகாது. புட்டியின்மேல் பெரிய எழுத்தில் “விஷம் – காஸ்டிக் சோடா” என எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும். வேலை நடக்கும்போது சிறு குழந்தைகள் அவ்விடத்தில் இருத்தலாகாது.

கண்ணை முற்றும் மறைக்கும் கண்ணாடியும், ரப்பர் கையுறையும், முழுக்கைச் சட்டையும் அணிக. எவர்சில்வர் பாத்திரத்தையோ கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரத்தையோ உபயோகிக்க. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். பித்தளையும் செம்பும் சோப்பைச் சிக்குப் பிடிக்கச் செய்யும். சோப்புக்கு உபயோகித்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது.

நீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, காரத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது நீர் தானாகவே சுமார் 80 டிகிரிக்கு மேலும் சூடேறி ஆவி எழுப்பும். அவ்வாவி மூச்சில் ஏறாவண்ணம் காற்றோட்டமான திறந்த இடத்தில் கரைக்கவேண்டும்.

மேலே தெறித்துவிட்டால் நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் 20 நிமிஷமாவது கழுவுக. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து இடைவிடாது கழுவிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குச் செல்ல ஏற்பாடு செய்க. எலுமிச்சைச் சாறோ காடியோ இடலாகாது. யாரேனும் விழுங்கிவிட்டால் வாயை நீரால் கொப்புளிக்கச் செய்து, 108 ஊர்தியை அழைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. வாந்தி எடுக்கச் செய்யலாகாது. உள்ளே போகும்போது வெந்த இடம், வெளியே வரும்போது மீண்டும் வேகும்.

செய்முறை

முதலில் நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பின் ஒரு பகுதியைத் திரித்துவிடும். மழைநீரோ, சுத்திகரித்த நீரோ சிறந்தது. 310 கிராம் நீரில் 155 கிராம் காரத்தைக் கரைத்து, தெளியவிட்டு, சுமார் 40 டிகிரிக்கு ஆறவிடுக. எண்ணெய்கள் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் நிறுத்து, அவற்றையும் 40 டிகிரி அளவில் வைத்துக்கொள்க. மார்கழி, தை மாதங்களில் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தால் முழுவதும் உருக்கிவிட வேண்டும். உஷ்ணமானி ஒன்று வைத்திருப்பது நல்லது.

பின்னர்க் காரநீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றிக்கொண்டே கடையவேண்டும். எவர்சில்வர் மத்தினால் கையால் கடைந்தால் அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். மின்சாரக் கைம்மத்தினால் சில நிமிஷங்களில் முடியும். மின்மத்தைக் கலவையினுள் நன்றாக அமிழ்த்திய பின்னரே ஓடவிடவேண்டும், இல்லையேல் தெறிக்கும். கலவை வெளுத்து, தடித்து, மத்தைத் தூக்கிச் சொட்டவிட்டால் அச்சொட்டு உடனே அமிழ்ந்துவிடாமல் மேற்பரப்பில் இழைக்கோலம்போல் கணநேரம் தங்கி நிற்கவேண்டும். தடம் நிற்கும் இப்பதமே ஊற்றும் பதம்.

வாசனை சேர்ப்பதானால் இச்சமயத்தில் சேர்க்கலாம். கிராம்பு, இலவங்கப்பட்டைத் தைலங்கள் கலவையை நொடியில் இறுகச் செய்துவிடும். தொடக்கத்தில் அவற்றை விலக்குக. மஞ்சள்தூள் காரத்தில் பட்டதும் சிவந்து தோன்றும். அது கண்டு அஞ்ச வேண்டா. நெசவாளர் ஒன்றை மனத்திற்கொள்க: நூலுக்கு இடும் சாயச் சரக்கு தோலுக்கு உரியதன்று, தறிக்கூடத்தில் எஞ்சிய சாயத்தைச் சோப்பில் கலத்தல் கூடாது.

உள்ளே பட்டர் காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, மேலே மூடி வைக்க. மார்கழிக் குளிரில் போர்வை சுற்றலாம். சித்திரை வெயிலில் அது வேண்டா. 18 முதல் 24 மணி நேரத்தில் கையுறையோடு எடுத்துக் கட்டிகளாக அறுக்கலாம். தேங்காயெண்ணெய் மிகுந்த சோப்பை அதற்கு மேல் விட்டுவைத்தால் அறுக்கும்போது நொறுங்கும். அறுத்த கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், நிழலில், காற்றாடும் பலகையில் 4 முதல் 6 வாரம் உலரவிட வேண்டும். சோப்பாகும் மாற்றம் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய வாரங்கள் நீர் உலர்ந்து சோப்பு கெட்டிப்படுவதற்கும், அதன் நுரை செம்மைப்படுவதற்கும் ஆனவை. அவசரப்பட்டு ஈரமாக எடுத்த கட்டி பாதி நாளில் கரைந்துபோகும்.

குறைகளும் திருத்தங்களும்

கையை எரித்தல்: காரம் மிகுந்ததன் அடையாளம் இது. மூன்று நாள் கழித்துக் கட்டியைப் புதிதாக அறுத்து, அறுத்த முகத்தில் பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விடுக. பள்ளி விஞ்ஞானக் கூடங்களில் உபயோகிக்கும் பொருள்தான். ஆழ்ந்த ரோஜா நிறம் தோன்றினால் காரம் மிகுதி. நிறம் தோன்றாமலோ மிக வெளிறியோ இருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. மிகுந்த சோப்பை எறிந்துவிட வேண்டா. கையுறையணிந்து துருவி, ஒரு கிலோவுக்கு 100 கிராம் நீர் தெளித்து, எவர்சில்வர் பாத்திரத்திலிட்டு, அதனைக் கொதிநீருள்ள மற்றொரு பாத்திரத்தில் வைத்து உருக்கவேண்டும். குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட எண்ணெயைச் சேர்த்துக் கிளறி, கூழாகி ஒரே நிறமாக வந்தபின் அச்சில் அழுத்துக. மேற்சொன்ன லிட்டர்ப் பிழையில் சேர்க்கவேண்டியது 79 கிராம் எண்ணெய். உலர்ந்தபின் மறுபடியும் சோதிக்க. குறிப்பேடு இல்லாதவருக்கு எவ்வளவு சேர்ப்பது என்பது தெரியாது; சிறிது சேர்ப்பதும் சோதிப்பதுமாகத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

குழைதல்: இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நீர் மிகுந்திருந்தால் இன்னும் இரண்டு வாரத்தில் தானே கெட்டிப்படும். கடலை எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் மிகுந்திருந்தால் காலம் கூடுதலாகும். அடுத்த முறை தேங்காயெண்ணெயைக் கூட்டுக. வாரங்கள் சென்றும் எண்ணெய்ப் பசை மாறாவிடில் காரம் குறைந்துவிட்டது, அல்லது வலுவிழந்தது என்று கொள்க. 155க்குப் பதில் 115 நிறுத்துவிட்டோம் என்று ஏட்டில் தெரிந்தால், விடுபட்ட 40 கிராமை 80 கிராம் நீரில் கரைத்து, முன்போல் உருக்கிய சோப்பில் சிறிது சிறிதாகச் சேர்த்து நிறைவு செய்யலாம். ஏட்டுச் சான்றின்றி மதிப்பாகக் காரம் சேர்த்தல் ஒருபோதும் கூடாது.

எண்ணெய் பிரிதல்: ஊற்றிய சில மணி நேரத்தில் மேலே எண்ணெயும் கீழே காரநீருமாகப் பிரியுமானால், கடைந்தது போதாது. சில சமயம் எண்ணெய் குளிர்ந்து உறைவதால் தடித்து, பதம் வந்ததுபோல் மயக்கும், அச்சிலிட்டபின் பிரியும். தாமதியாமல் கையுறையோடு பாத்திரத்துக்கே திருப்பி, இலேசாகச் சூடேற்றி, உண்மையான பதம் வரும்வரை கடைக. பிரிந்த நீர் வெறும் நீரன்று, காரநீர் என்பதை மறவாதீர்.

உள்ளே நீர்ப்பை அல்லது வெண்படிகம்: அறுக்கும்போது உட்புறத்தில் நீர் கசிந்தாலும், கூர்மையான வெண்படிகங்கள் தென்பட்டாலும், காரம் ஓரிடத்தில் தேங்கியிருக்கிறது என்பது பொருள். அக்கட்டியைத் தொடலாகாது, முழுவதையும் துருவி உருக்கிக் கலந்து சோதிக்க.

மேலே வெண்பொடி: காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு, சோப்பின் மேற்பரப்பிலுள்ள காரம் சலவைச் சோடாவாகப் படிந்தது இது. தீங்கில்லை. ஈரத்துணியால் துடைத்துவிடலாம். முதல் நாள் அச்சை நன்கு மூடிவைத்தால் பெரிதும் குறையும்.

நடுவில் கருவளையம்: சோப்பாகும் மாற்றத்தில் உஷ்ணம் பிறக்கிறது. நடுப்பகுதி சூடேறிக் கண்ணாடிபோல் தெளிந்து, ஓரம் குளிர்ந்துபோனால் வளையம் தோன்றும். பார்வைக்கே குறை, குணத்துக்கு அன்று.

மேலே வெடித்துப் பொங்குதல்: உஷ்ணம் மிகுந்ததன் விளைவு. மூடியையும் போர்வையையும் அகற்றி, காற்றாட வைக்க. அடுத்த முறை 35 டிகிரியில் கலக்குக. சர்க்கரை, தேன், பால் சேர்ப்போருக்கு இது அடிக்கடி நேரும்.

செம்மஞ்சட் புள்ளியும் சிக்கு நாற்றமும்: பழைய கடலை எண்ணெய், செம்பு அல்லது இரும்பு பட்டது, மென்மைக்கென விடும் எண்ணெய் 5 சதவிகிதத்துக்கு மிகவும் மேற்பட்டது ஆகியவை காரணம். இதற்குத் திருத்தம் இல்லை. துணி துவைக்க உபயோகித்துத் தீர்த்துவிடுக. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயில் செய்த சோப்பு விரைவில் சிக்குப் பிடிப்பதும் இதனாலேயே. அதனை வடிகட்டித் துவைக்கும் சோப்புக்கு மட்டும் கொள்க.

வியர்த்தல்: ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டியின்மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதே காரணம். கெட்டுப்போனதன்று. துடைத்து, காற்றோட்டமான இடத்திற்கு மாற்றுக.

பட்டு நெய்வோருக்கு ஒரு சொல்

பட்டு நூலின் கோந்தைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த சூடான நீரில் நீக்குவது நெசவாளர் அறிந்ததே. அவ்வேலையில் நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைகிறது. கோந்து போகிறது, இழை நிற்கிறது. காஸ்டிக் சோடாவோ இழையையே கரைத்துவிடும். பருத்திக்கு ஒன்றும் செய்யாத சிறு மிகுதிக் காரமும் பட்டின் பளபளப்பைக் கெடுக்கும். ஆகவே, வீட்டிற் செய்த சோப்பு எவ்வளவு நன்றாக அமைந்ததாயினும், காரம் மிஞ்சவில்லையெனச் சோதித்தறியாமல் பட்டு நூலிலோ பட்டுச் சேலையிலோ இடலாகாது. விலையுயர்ந்த ஒரு பாவு முழுவதும் ஒரு துண்டுச் சோப்பால் பாழாதல் கூடும்.

வரவு செலவு

மேற்சொன்ன கணக்கில் 1,465 கிராம் ஈரச்சோப்பு கிடைக்கும். ஆறு வாரத்தில் நீர் உலர்ந்து 1,250 முதல் 1,300 கிராம் வரை நிற்கும். அடக்க விலையை இவ்வுலர்ந்த எடையால் வகுத்தே காணவேண்டும். ஈர எடையால் வகுப்போருக்கு இலாபம்போல் தோன்றுவது மாயை. கடையில் சில்லறையாக எண்ணெய் வாங்கிச் செய்தால், சாதாரண ஆலைச் சோப்பைவிட நம் சோப்பு மலிவாக அமையும் என்று எதிர்பார்க்கலாகாது. சொந்தத் தோப்பின் கொப்பரையைச் செக்கிலாட்டி எடுத்த எண்ணெய்க்கும், சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்ளும் சரக்கிற்கும் கணக்கு வேறு. ஆறு வாரம் முதல் முடங்கிக் கிடக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுக.

வீட்டுக்குச் செய்துகொள்வது வேறு, விற்பது வேறு. 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தில் சோப்புக்கு முன்னர் இருந்த விலக்கு 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆகவே, குளிக்கும் சோப்பை விற்பனைக்குச் செய்வோர் உரிமம் பெறவேண்டும். மகளிர் குழுவாகவோ சங்கமாகவோ தொடங்க எண்ணுவோர் முதலில் இதனை முடித்துக்கொள்க. உறையில் குறிக்கும் எடை உலர்ந்தபின் நிற்கும் எடையாக இருக்கவேண்டும். 100 கிராம் என்று ஈரத்தில் நிறுத்து விற்ற கட்டி, வாங்கியவர் வீட்டில் 88 கிராமாக நிற்பது நாணயமாகாது.

குறிப்பேடு

ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் ஒதுக்கி, இவற்றை எழுதி வருக: தேதி, ஒவ்வோர் எண்ணெயின் பெயரும் எடையும், வாங்கிய நாளும், காரத்தின் எடையும், புட்டி திறந்த நாளும், நீரின் எடை, கலக்கும்போது எண்ணெயின் உஷ்ணமும் காரநீரின் உஷ்ணமும், பதம் வர ஆன நேரம், அறுத்த நேரம், மூன்றாம் நாள் சோதனையின் முடிவு, ஆறாம் வாரத்து எடை. எழுத ஐந்து நிமிஷம் ஆகும். நிறுக்கும்போதே எழுதவேண்டும், வேலை முடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவது கணக்காகாது. ஒருவர் நிறுக்க, மற்றொருவர் தராசைப் பார்த்து எழுதுவது மிகவும் நன்று. 155, 115 என்னும் தடுமாற்றங்கள் அப்பொழுதே பிடிபடும்.

முதன்முறை செய்வோர் ஒரு கிலோ எண்ணெய்க்கு மேல் போகவேண்டா. அக்கட்டிகள் உலர்ந்து, சோதனையில் தேறி, வீட்டார் கையில் ஒரு மாதம் புழங்கியபின், அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாம் முறை செய்க. முதற்சோப்பும் இரண்டாம் சோப்பும் ஒன்றுபோல் அமைந்தனவாயின் தொழில் கைவந்தது என்று கொள்ளலாம். அதன்பின் அளவைப் பெருக்குவதற்குத் தடையில்லை.